பின்சீட்டில் ஒரு நேர்ச்சை

அத்தியாயம் பதினான்கு

அந்த வீட்டில் இப்போது அஞ்சுவுக்காகப் பேசுவது ஸ்ரீஜித்தின் பொறுப்பு.

“அவளுக்கு ரெண்டு தோசை போதுமாம். பின்னே, எங்க ரெண்டு பேருக்கும் சேத்து சாயங்காலம் ஐஸ்கிரீம் வேணும்னு மனசுல நெனைக்கா” என்று அம்மாவிடம் சொன்னான்.

“அவ மனசு ஒனக்கு எப்படிடா கேக்கும்?” என்றாள் பகவதி.

“நான் பக்கத்துல இருக்கேம்லா.”

அஞ்சு அவன் தலையில் மெல்ல ஒரு குட்டு வைத்தாள். எட்டு வயதுப் பெண்ணுக்கு ஆறு வயதுப் பையனிடம் சொல்ல வேண்டியது எல்லாம் அந்தக் குட்டில் இருந்தது. பகவதி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருத்தப்பட்டவள்போல் இன்னொரு தோசையை அவள் தட்டில் போட்டாள்.

கை கழுவிக்கொண்டிருந்த ஆனந்தன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரமாகவே அந்தப் பிள்ளை இருக்கும் பக்கம் திரும்ப அவனுக்குக் கழுத்து வரவில்லை.

ஆனந்தகிருஷ்ணன் என்பது முழுப்பெயர். திருவனந்தபுரம் சாலை பஜாரில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிறான். போன ஆடி மாதம் எர்ணாகுளத்துக்குக் காரோட்டிப் போய், தங்கை ஆர்யாவையும் அவள் மகள் அஞ்சுவையும் மணக்காட்டில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்து வந்தவன் அவன்தான். ஆர்யாவின் ஆபீஸ் அவளைத் திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வரச் சொன்னது. வேலையை விட்டுவிடு என்றான் அவள் கணவன் பத்மகுமார். வேலையை விட மாட்டேன் என்று அவளும், கொச்சியை விட மாட்டேன் என்று அவனும் நின்றதில் சண்டை முற்றிக் கோர்ட்டு வரை போய், இப்போது இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு முறை பத்மகுமார் ரயிலில் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறான். தம்பானூர் ரயில் ஸ்டேஷன் வரை பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது ஆனந்தனின் வேலை.

இன்று அந்தச் சனிக்கிழமை.

பங்குனி உத்திரத்துக்கு வள்ளியூரைத் தாண்டிக் குளத்தங்கரையில் இருக்கிற குடும்ப சாஸ்தாவுக்குப் பொங்கலிட்டுத் திரும்பியதிலிருந்து அஞ்சு ஒரு சொல் பேசவில்லை. கோயில் வெளியில் உடைமுள் காலில் ஏறி, ஊசியால் கிளறி எடுத்தபோதுகூட அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. என்ன பொறுமையான பிள்ளை என்று சொந்தக்காரப் பெண்கள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் பேசாதபோது களைப்பு என்றார்கள். மறுநாள் தொண்டைக்கட்டு என்றார்கள். தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், அங்கே ஒரு குறையும் இல்லை, பிள்ளை மனதில் ஏதோ அதிர்ச்சி விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அதிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று ஆர்யாவே கண்டுபிடித்துக்கொண்டாள். கோயிலுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பத்மகுமார் போனில் பிள்ளையோடு வெகுநேரம் பேசியிருந்தான். அவன்தான் ஏதோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறான்.

“அப்படித்தானே இருக்கும் அண்ணா?” என்று கேட்டாள்.

ஆனந்தன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் பொய். ஏனென்றால் அந்தப் பிள்ளை எதனால் பேசவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

நடந்தது இதுதான்.

உத்திரத்தன்று விடியற்காலையில் இரண்டு வண்டிகள் கிளம்பின. பொங்கல் பானை, விறகு, பெரியவர்கள், ஆர்யா, பகவதி எல்லாம் வாடகை வேனில். வேனில் ஏறினாலே குமட்டுகிறது என்பதால் பிள்ளைகள் இரண்டும் ஆனந்தனின் காரில், பின்சீட்டில். முன்சீட்டில் சாஸ்தாவுக்கு வாங்கிய மாலைக்கூடையும் பழக்குலையும் உட்கார்ந்துகொண்டதால் வேறு ஆள் ஏற இடமில்லை.

மூன்றரை மணி நேரம் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று ஆனந்தன் முதல் நாளே யோசித்து வைத்திருந்தான். கையில் போன் கொடுப்பதில்லை என்று முடிவு. முதலில் நம்பர் பிளேட் விளையாட்டு. எண்களைக் கூட்டினால் ஒன்பது வருகிற வண்டியை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்களுக்கு ஒரு மிட்டாய். கரமனைப் பாலம் தாண்டுமுன்பே ஸ்ரீஜித் பார்த்த வண்டியெல்லாம் ஒன்பது ஆகிவிட்டது. அஞ்சு விரல் விட்டுக் கூட்டிக் காட்டி, ஏழு என்றாள். மிட்டாய் திரும்பி வருவதற்குள் அது ஸ்ரீஜித்தின் வாய்க்குள் போயிருந்தது.

அடுத்தது, கடைப்பலகை வாசிக்கிற விளையாட்டு. களியக்காவிளை வரை மலையாளப் பலகைக்கு ஒரு மதிப்பெண், அதைத் தாண்டினால் தமிழ்ப் பலகைக்கு இரண்டு என்று சட்டம் போட்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லாத பிள்ளைகளுக்கு வழியிலாவது நாலு எழுத்து ஏறட்டும் என்பது அவன் கணக்கு. களியக்காவிளை வரவில்லை. பாலராமபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைப் பலகையை யார் முதலில் வாசித்தது என்பதில் இரண்டும் ஒன்றன் முடியை ஒன்று பிடித்துக்கொண்டன. ஒரே அழுகை. அவன் முதுகில் வந்து படுகிற மாதிரி பின்னாலிருந்து சீட்டுக்கு உதை. அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன்மேல் போன். முந்தின நாள் இறங்கிய லோடில் பாதி டப்பா வேறு நிறம்.

அப்போதுதான் அவன் சாஸ்தாவை இழுத்தான்.

“இனிமே ரெண்டு பேரும் பேசப்பிடாது. இது வெளையாட்டு இல்ல, நேர்ச்சை. மனசுல ஒண்ணு நெனச்சுக்கிட்டு வாயத் தொறக்காம வரணும். சாஸ்தா நடத்திக் கொடுப்பாரு.”

சாமிக்கு நேர்ந்துகொள்கிற நேர்ச்சை என்றால் என்ன என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பேசினால் முறிந்துவிடும் என்பதும் தெரியும். தான் நினைத்தது ஐஸ்கிரீம் என்று அந்த நிமிஷமே அறிவித்து ஸ்ரீஜித் நேர்ச்சையிலிருந்து விலகிக்கொண்டான். அஞ்சு முன்னால் குனிந்து, ஆனந்தன் காதருகே மெதுவாகக் கேட்டாள்.

“எது வரைக்கும் மாமா பேசப்பிடாது?”

போன் மறுபடியும் அடித்தது.

“நெனச்சது நடக்குற வரைக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தான்.

அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

நெய்யாற்றின்கரை நெரிசலில்கூடப் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு இல்லை. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஸ்ரீஜித் வாந்தி எடுத்தான். வண்டியை ஓரம் கட்டி, கழுவித் துடைத்துப் படுக்க வைத்ததும் தூங்கிப்போனான். பிள்ளைகளைச் சமாளிக்க இத்தனை சுலபமான வழி இருக்கும்போது ஒவ்வொருத்தரும் ஏன் இந்தப் பாடு படுகிறார்கள் என்று ஆனந்தன் தன்னையே மெச்சிக்கொண்டான். பின்னால் ஆள் இருக்கிறது என்பதே மறந்துபோகிற அளவுக்கு அமைதி.

நாகர்கோவிலை நெருங்கும்போது பத்மகுமாரின் அழைப்பு வந்தது. காரின் ஸ்பீக்கரில் அவன் குரல் வண்டி முழுக்க நிறைந்தது. ராத்திரி பஸ் பிடித்து வந்து நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகச் சொன்னான். கோயிலுக்கு வரலாமா என்று கேட்டான். யார் கண்ணிலும் படாமல் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவதாகவும் சொன்னான்.

வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேனில் சித்தப்பாமாரும் பெரியப்பா வீட்டாரும் இருந்தார்கள். ஆடி மாதத்தில் அவர்களைக் கூட்டி வைத்து, இப்படிப்பட்ட ஆளிடம் என் தங்கை ஒரு நாளும் இருக்க வேண்டாம் என்று மார்தட்டியவன் ஆனந்தன். அந்த ஆள் ராத்திரி பூராவும் பஸ்ஸில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு சாஸ்தா முன்னால் நின்றால், ஆனந்தன் முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

“வரண்டாம் மாப்ள. ஒங்க மொகத்தைப் பாக்கவே இஷ்டமில்லேன்னு ஆர்யா சொல்லிட்டா.”

ஆர்யா அப்படி எதுவும் சொல்லவில்லை. பத்மகுமார் நாகர்கோவில் வரை வந்திருப்பதே அவளுக்குத் தெரியாது.

பத்மகுமார் இன்னொன்று கேட்டான்: “பிள்ள கூட இருக்காளா அத்தான்? ஒரு வார்த்தை பேசட்டுமா?”

“ஒறங்குகா.”

போனை வைத்துவிட்டு நடுக்கண்ணாடியைப் பார்த்தான். உறங்கிக்கொண்டிருந்தது அவன் மகன். அஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அப்பாவின் குரல் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று, தோசை தின்று முடித்த பிள்ளையைக் கார் நிற்கிற பக்கம் தனியாக அழைத்துக்கொண்டு போனான் ஆனந்தன். பர்ஸிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தான். உள்ளே ஒரு ரூபாய்க் காசு. நேர்ச்சையை இப்போது முடிக்க முடியாதவர்கள் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று சாமியிடம் தவணை வாங்குவது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

“இந்தா பாரு மக்ளே. ஒனக்குப் பதிலா மாமா முடிஞ்சு வச்சாச்சு. சாஸ்தா இனி எங்கிட்ட கேட்டுக்கிடுவாரு. நீ பேசலாம், கேட்டியா?”

அஞ்சு துணியை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். காசைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பவும் அழகாக முடிந்து, அவன் உள்ளங்கையில் வைத்து, தலையை இடமும் வலமும் ஆட்டினாள். கடனை வேறு ஒருவர் தலையில் கட்டுவது அவளுக்குச் சம்மதமில்லை. அந்தத் தலையாட்டலில் அப்படியே அவள் அம்மா இருந்தாள்.

“சும்மா சொன்னேன் மக்ளே. நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒங்க சத்தம் தாங்க முடியாம மாமா சொன்ன பொய்யி.”

அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். இருந்தது சந்தேகம். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா? இந்த மாமா சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது என்று எட்டு வயது நின்று யோசித்தது. பிறகு எதற்கு வம்பு என்பதுபோல் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டது.

“கெளம்பலாமா அண்ணா?”

ஆர்யா வாசலில் நின்றாள். ஆபீஸுக்குப் போகிற சுடிதார், தோளில் பை. ஆனந்தன் காசு முடிச்சைச் சட்டைப் பைக்குள் தள்ளினான். நீ எதற்கு என்று கேட்டான். தானும் வருவதாகச் சொன்னாள். வக்கீல் மேடத்திடம் பேசியாயிற்று. அப்பாவோடு பேசிய மறுநாள் பிள்ளைக்குப் பேச்சு நின்றது என்று திங்கட்கிழமை கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால், இந்தச் சனிக்கிழமைச் சந்திப்பை நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கிறதாம்.

“அவருட்ட மொகத்துக்கு நேரா சொல்லிட்டுத்தான் செய்யணும். முதுகுக்குப் பின்னால செய்ய எனக்கு வராது” என்றாள்.

ஆனந்தனுக்கு அந்தச் சொல் தனக்கென்றே அளந்து தைத்த சட்டைபோல் இருந்தது.

ஸ்ரீஜித் தானும் வருவேன் என்று அழுதான். அஞ்சுவுக்குப் பேச ஆள் வேண்டாமா என்பது அவன் வாதம். பகவதி அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மணக்காட்டிலிருந்து தம்பானூர் ஒரு எட்டு தூரம்தான். அன்றைக்குக் கிழக்கேகோட்டையில் பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றன. ஆர்யா முன்சீட்டில் நேராகப் பார்த்தபடி இருந்தாள். சொல்லிவிடு என்று ஆனந்தனின் மனம் ஒவ்வொரு சிக்னலிலும் சொன்னது. சிக்னல் விழுந்ததும், வண்டி ஓட்டும்போது எப்படிச் சொல்வது என்று அதே மனம் சாக்குச் சொன்னது. நடுக்கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்துக்கொண்டான். அதில் இப்போது காரின் கூரை மட்டும் தெரிந்தது.

ஸ்டேஷன் எதிரில், லாட்ஜுகள் வரிசையாக இருக்கும் பக்கத்தில் காரை நிறுத்தினான். எர்ணாகுளம் வண்டி வந்திருந்தது. கூட்டத்தில் பத்மகுமார் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தான். மெலிந்திருந்தான். ஆர்யாவைப் பார்த்ததும் நடை தயங்கியது.

ஆர்யா இறங்கிப் பின்கதவை மறித்து நின்றுகொண்டாள். தயாராக வைத்திருந்ததை வரிசையாகச் சொன்னாள். பிள்ளை ஒரு வாரமாகப் பேசவில்லை. டாக்டர் இப்படிச் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி போனில் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை, கோர்ட்டு கேட்கட்டும். பேச்சு வரும் வரை இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பத்மகுமாருக்கு முதல் வாக்கியத்துக்கு மேல் எதுவும் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

“பேசலியா? பிள்ள பேசலியா?”

அவளைத் தாண்டிக் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க முயன்றான். ஆர்யா விலகவில்லை. அவன் இரண்டடி பின்னால் போய் நின்றான். சண்டை பிடிப்பான் என்று எதிர்பார்த்து இறுகியிருந்த அவள் தோள், அவன் பிடிக்காததால் இன்னும் இறுகியது.

“சரி. நீ வரண்டாம்னா வரல்ல. போன வாரமும் அப்படித்தானே. பிள்ளைய மட்டும் நல்ல டாக்டர்ட்ட காட்டு ஆர்யா.”

குத்திக் காட்டுகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதோடு நிறுத்தியும் விட்டாள். பத்மகுமார் பையைச் சரிசெய்துகொண்டு திரும்பினான்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஆனந்தனுக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதான், தாண்டியாயிற்று. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பின்னால் ஏதோ உரசுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பினான்.

அஞ்சு அழுதுகொண்டிருந்தாள். கவுனின் ஓரத்தை உருட்டிப் பந்தாக வாய்க்குள் திணித்துக்கொண்டு, முகம் சிவக்க, தோள் குலுங்க, சத்தம் வராமல் அழுதாள். அழுகைச் சத்தமும் பேச்சில் சேருமோ என்று அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம். யாரிடமும் கேட்கவும் முடியாது.

ஆனந்தன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

“மாப்ள, நில்லுங்க.” பிறகு தங்கையிடம் சொன்னான்: “ஆர்யா, அவரு ஒண்ணும் செய்யல்ல. நான்தான்.”

ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். காரை எடுக்கச் சொல்லி ஒருவர் கத்தினார். ஆனந்தன் எல்லாவற்றையும் சொன்னான். நம்பர் பிளேட்டிலிருந்து தொடங்கி, சாஸ்தாவை இழுத்ததையும், எது வரைக்கும் என்று பிள்ளை கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் சொன்னான். நாகர்கோவில் போனுக்கு வந்தபோது அவன் குரல் இறங்கிப்போயிற்று. உன் பெயரைச் சொல்லி நானாகச் சொன்னேன் என்றான்.

“பிள்ளையக் கேட்டாரு. ஒறங்குகான்னு சொல்லிட்டேன். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தா.”

ஆர்யா அவனை அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலில் பேசியது பத்மகுமார். அதுவும் அவளிடம்தான்.

“அன்னைக்கு ராத்திரி அவ எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டா. அப்பா, நீயும் கோயிலுக்கு வருவியான்னு. நான் வாறேன்னு சொன்னேன்.”

ஆர்யா மெதுவாகத் திரும்பிப் பின்கதவைத் திறந்தாள். பிள்ளையின் வாயிலிருந்து துணியை எடுத்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள்.

“அதுதான் நெனச்சியா மக்ளே? அப்பா கோயிலுக்கு வரணும்னு?”

நினைத்ததை வெளியே சொன்னால் நேர்ச்சை முறிந்துவிடும். அதனால் அஞ்சு தலையைக்கூட அசைக்கவில்லை. ஆனால் சீட்டின் அந்தக் கோடிக்கு நகர்ந்தாள். நகர்ந்து, காலியான இடத்தை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினாள்.

ஆர்யா நிமிர்ந்தாள்.

“ஏறுங்க” என்றாள் கணவனிடம்.

“எங்க?”

“சாஸ்தா கோயிலுக்கு. சாயங்காலம் நடை தொறப்பாங்க.”

“ஆர்யா, நான் அன்னைக்கு ஒன்ன…”

“ஒங்களுக்காக இல்ல. ஏறுங்க.”

அவன் ஏறினான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவன் குனிந்து மகளிடம் என்னவோ சொல்வதும், அவள் அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருப்பதும் மூடிய கண்ணாடிக்குள் தெரிந்தன.

ஆர்யா அண்ணன் முன்னால் கையை நீட்டினாள்.

“சாவி.”

“நான் ஓட்டுகேன் ஆர்யா. அந்த ரோட்டுல ஒனக்குப் பழக்கம்…”

“சாவி.”

கொடுத்தான். சொந்தக் காரின் சாவியை நடுத்தெருவில் தங்கையிடம் கொடுத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவள் ஓட்டுகிற பக்கக் கதவு வரை போனவள், திறக்காமல் திரும்பி வந்தாள். அருகே வந்து, பின்சீட்டுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“ஒண்ணு கேக்கேன். சத்தியமா சொல்லணும். இது மட்டும்தானா? எம் பேரைச் சொல்லி அவருட்ட வேற ஏதும் சொல்லியிருக்கியா? அவரு சொல்லிவிட்டது ஏதும் எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கியா?”

இருந்தது.

ஐப்பசியில் ஒரு மழை நாள். பள்ளிக்கூடத்திலிருந்து அஞ்சுவை அழைத்து வரும் வழியில் பத்மகுமார் கூப்பிட்டான். கொச்சியை விட்டுவிடுவதாகச் சொன்னான். திருவனந்தபுரத்துக்கே மாற்றல் கேட்டிருப்பதாகவும், ஆர்யா சரி என்றால் அவள் ஆபீஸ் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம் என்றும் சொன்னான். அவள் என் போனை எடுப்பதில்லை, நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் அத்தான் என்றான். சொல்கிறேன் என்றான் ஆனந்தன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்கு இருந்த ஒரே காரணமும் அன்று போயிருக்கும். ஆடியில் அவன் மார்தட்டியதும் கூடவே போயிருக்கும். பத்து நாள் கழித்து, அவளுக்கு விருப்பமில்லையாம் என்று தானே ஒரு பதிலும் அனுப்பிவிட்டான்.

அதுவும் இதே காரில்தான். இதே ஸ்பீக்கரில்தான்.

சொல்ல வாய் எடுத்தான். கொஞ்சம் முன்புதான் ஒன்றைச் சொல்லி முடித்திருந்தான். ஒரே நாளில் இரண்டைச் சொல்கிற திராணி தன்னிடம் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

“இல்ல” என்றான்.

ஆர்யா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, அவன் மேலே திருப்பி வைத்திருந்த கண்ணாடியைத் தனக்கு வேண்டிய மாதிரி இறக்கி வைத்துக்கொண்டாள். கார் நகர்ந்தது.

பின்கண்ணாடியில் அஞ்சு தெரிந்தாள். அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டி, ஆனந்தனையே பார்த்துக்கொண்டு போனாள். ஐப்பசி மழையில் பின்சீட்டில் இருந்தபோதும் அவள் இப்படித்தான் இருந்தாள். மடியில் புத்தகப்பை, கையில் பாதி தின்ற பன். அன்றைக்கு அவளை யாரும் பேசாதே என்று சொல்லியிருக்கவில்லை. அவளாகவே பேசாமல் இருந்தாள். ஆனால் எல்லாம் கேட்டாள்.

கார் கிள்ளிப்பாலம் பக்கம் திரும்பி மறைந்தது. வண்டி எடுக்கிறாரா இல்லையா என்று கேட்டுக்கொண்டே ஓர் ஆட்டோக்காரர் வந்து, அங்கே வண்டி எதுவும் இல்லாததைக் கண்டு, எங்கே சார் போகணும் என்று கேள்வியை மாற்றிக்கொண்டார்.

ஒரு வாரமாக அந்தப் பிள்ளை வாய் திறக்க வேண்டும் என்று வேண்டாத சாமியை எல்லாம் வேண்டிய ஆனந்தன், இன்று சாயங்காலம் நடை திறந்ததும் அவள் முதலில் என்ன பேசுவாள் என்று நினைத்துப் பார்த்தான்.